ஹார்மோன் அண்ணாச்சியின் ஆட்சேபணை

கோபம் வந்தால் கத்துகிறவர்கள், துக்கம் வந்தால் அழுகிறவர்கள், சந்தோஷம் வந்தால் பக்கத்து வீட்டுக்கு ஒரு தட்டில் பலகாரம் கொடுத்தனுப்புகிறவர்கள், இவர்கள்மேல் எனக்கு ஒரு புகாரும் இல்லை. சாதாரண மனிதர்கள். நான் உங்களுக்கு அறிமுகப்படுத்தப் போவது வேறோர் இனம். நீங்கள் கத்தும்போது இவர் உங்கள் வாயைப் பார்க்கமாட்டார், கழுத்தைப் பார்ப்பார். நீங்கள் அழும்போது கண்ணைப் பார்க்கமாட்டார், நெற்றிக்குப் பின்னால் இருக்கிற எதையோ பார்ப்பார். நீங்கள் மூச்சு வாங்குவதற்காக நிறுத்துகிற அந்த ஒரு நொடிக்காகக் காத்திருந்து, கையை மெதுவாக உயர்த்தி, "இது நீங்க இல்ல, உங்க மூளை" என்பார். அதற்கப்புறம் உங்களுக்குக் கத்தவும் முடியாது, அழவும் முடியாது. இவர்தான் ஹார்மோன் அண்ணாச்சி.

ஊருக்கு ஊர் உண்டு. சில ஊர்களில் உயிரியல் ஆசிரியராக இருப்பார், சில ஊர்களில் மருந்துக் கம்பெனி ரெப்பாக, சில ஊர்களில் கைப்பேசியில் பாதிக் கட்டுரையைப் படித்துவிட்டு மீதியைத் தானே கற்பித்துக்கொண்டவராக. இவர்கள் எல்லோரும் நகல். அசல் தூத்துக்குடியில் இருக்கிறது, என் வீட்டுக்கு அடுத்த பச்சை வீட்டில். பெயர் டாக்டர் பொன்னுதுரை. பூர்வீகம் நாசரேத். நானோ துறைமுகத்தில் கன்டெய்னர் கிரேன் ஓட்டுகிறவன். அவ்வளவு உயரத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்துகொண்டு, காலுக்கடியில் மனிதர்கள் போவதையும் வருவதையும் வருடக்கணக்காகப் பார்த்தாயிற்று. அடுத்தவரைக் கவனிப்பது எனக்குத் தொழில் கொடுத்த கெட்ட பழக்கம்.

கேலி செய்யப் போகிறவன் முதலில் நியாயமாக நடந்துகொள்ள வேண்டும் அல்லவா? ஆகவே சொல்லிவிடுகிறேன். டாக்டர் பெரிய விஞ்ஞானி. கடலோரமாக ஒரு மீன் ஆராய்ச்சி நிலையத்தில் இருபத்தாறு வருடமாக வேலை. கொடுவா மீன் எப்படி முட்டையிடுகிறது என்று எல்லோரும் பார்ப்பார்கள். எப்படி முட்டையிட முடிவு செய்கிறது என்று பார்ப்பவர் இவர். மீனின் மூளையில் ஒரு மூலையில் கொஞ்சம் செல்கள் உட்கார்ந்திருக்கின்றனவாம். தண்ணீர் எவ்வளவு உப்பு, எவ்வளவு சூடு, இன்று அமாவாசையா பௌர்ணமியா, வயிற்றில் இரை இருக்கிறதா என்றெல்லாம் விசாரித்துவிட்டு அவை ஒரு துளி ஹார்மோனை விடுமாம். அது மூளைக்கு அடியில் மிளகு போல் இருக்கிற சுரப்பியைத் தட்டி எழுப்பும். சுரப்பி தன் பங்குக்கு இன்னொன்றை ரத்தத்தில் விடும். அது போய்ச் சினைப்பையை எழுப்பும். தொட்டியில் அடைத்த கொடுவா இந்த வரிசையைப் பாதியில் மறந்துவிடும். டாக்டர் ஓர் ஊசி போட்டு ஞாபகப்படுத்துவார். ஒன்றரை நாளில் தொட்டி நிறைய முட்டை. பக்கத்தில் முத்துச்சிப்பித் தொட்டிகளும் உண்டு, ஆனால் அந்தப் பக்கம் அவர் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார். சிப்பிக்குச் சொல்லிக்கொள்கிற மாதிரி மூளை இல்லையாம்.

இதெல்லாம் நல்லதுதான். பண்ணைக்காரர்கள் அவரைக் கையெடுத்துக் கும்பிடுகிறார்கள். சிக்கல் என்னவென்றால், சாயங்காலம் ஐந்தரை மணிக்கு நிலையத்தின் கேட்டைத் தாண்டி வெளியே வந்த பிறகும் அவர் தொட்டியின் விளிம்பில்தான் நின்றுகொண்டிருப்பார். உள்ளே நீந்துகிறது யார் தெரியுமா? நாம்.

பரோட்டாக் கடையில் இரண்டு பேர் சட்டையைப் பிடித்துக்கொள்கிறார்கள் என்று வையுங்கள். நீங்களும் நானும் என்ன செய்வோம்? விலக்கப் போவோம், அல்லது பொரித்த பரோட்டாவைத் தட்டோடு தூக்கிக்கொண்டு தள்ளி உட்காருவோம். டாக்டர் பேனாவை எடுப்பார். சட்டைப் பையில் எப்போதும் ஒரு நீலப் பேனா இருக்கும். சால்னா சொட்டிய காகிதத்தில் ஒரு மூளை வரைவார். அவர் வரைகிற மூளை அப்படியே முந்திரிப்பருப்பு. அதன் அடியில் ஒரு புள்ளி வைத்து, "இங்கனதான் தம்பி சண்டை நடக்கு. அங்கன நடக்கது சும்மா அதோட நிழல்" என்பார். அங்கே அந்த நிழலில் ஒருவனுக்குப் பல் போயிருக்கும். இப்படி அவர் முந்திரிப்பருப்பு வரையாத இடமில்லை. மக்ரூன் டப்பாவின் மூடி, கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கம், மின்சாரம் தடைபடும் என்று ஒட்டியிருந்த அறிவிப்பு. என் மகனின் ஞானஸ்நானத்துக்கு வந்தவர், பிள்ளை அழுததும் கேக் பெட்டியை வாங்கி அதன்மேல் வரைந்துவிட்டுப் போனார். அந்தப் பெட்டியை நாங்கள் இன்னும் வைத்திருக்கிறோம்.

அவரிடம் மூன்றே வாக்கியங்கள் உண்டு. "இது நீங்க இல்ல, உங்க மூளை" என்பதை ஏற்கெனவே சொன்னேன். இரண்டாவது, "லெவல் இறங்கிரும்." மூன்றாவது, "டேட்டா பத்தாது." இந்த மூன்றை வைத்துக்கொண்டு மனுஷர் பிறப்பு முதல் இறப்பு வரை சமாளிக்கிறார். என் மாமியார் இறந்த வீட்டில் என் மனைவி தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். டாக்டர் குனிந்து, உண்மையான பரிவோடுதான், "இன்னும் பத்து நாள்ல லெவல் இறங்கிரும்மா" என்றார். அவள் அழுகை அந்த நொடியே நின்றது. ஆறுதலால் அல்ல. பக்கத்தில் இருந்த பெண்ணிடம், முகத்தைப் பார்க்காமலே, "இந்த ஆள எவ கெட்டுனா?" என்று கேட்டாள். பக்கத்தில் இருந்தது எப்சிபா டீச்சர். கெட்டியவளே அவர்தான்.

எப்சிபா டீச்சர் பெண்கள் பள்ளியில் கணக்கு வாத்தியார். டாக்டரோடு முப்பது வருடம் குடித்தனம் நடத்தியதில் சுருக்கமாகப் பேசக் கற்றுக்கொண்டவர். சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து நான் காதால் கேட்டதைச் சொல்லுகிறேன்:

"எப்சி, நீ இப்பம் கோவப்படல. உனக்கு லெவல் ஏறிருக்கு."

"ஆமா. சிலிண்டர் புக் பண்ணச் சொல்லி மூணு நாளாச்சு. அதுதான் ஏறிருக்கு."

அப்புறம் டாக்டர் கைப்பேசியில் சிலிண்டர் பதிவு செய்கிற சத்தம் கேட்டது. விஞ்ஞானம் தோற்றாலும் வீட்டில் காபி கிடைக்க வேண்டுமே.

இந்த ஆராய்ச்சியில் கிஸ்பெப்டின் என்று ஒரு சரக்கு வருகிறது. மூளையில் மற்ற ஹார்மோன்களுக்கெல்லாம் முதல் மணி அடிப்பது அதுதானாம். டாக்டருக்கு அதன்மேல் தீராத பக்தி. ஆனால் சாத்தான்குளத்து மாமியார் வீட்டில், வேதபாட வகுப்பு நடத்துகிற அத்தைகளுக்கு நடுவில், அந்தப் பெயரின் முன்பாதியைச் சொல்ல அவருக்கு நாக்கு எழாது. "கே.பி., கே.பி." என்று சொல்லிச் சமாளிப்பார். கே.பி. என்பவர் சென்னையில் ஏதோ பெரிய அதிகாரி என்றும், அவர் மனம் வைத்தால்தான் மீன் முட்டையிடும் என்றும் அத்தைகள் இன்றுவரை நம்பிக்கொண்டிருக்கிறார்கள்.

இந்த வீட்டில் ஒரே பிள்ளை ஸ்டெபி. பதின்மூன்று வயதில் ஒருநாள் அவள் கதவை ஓங்கிச் சாத்தினாள். மற்ற அப்பாக்கள் என்றால் திட்டுவார்கள். டாக்டர் ஒரு வரைபடம் போட்டு, எந்த வயதில் எந்த ஹார்மோன் எவ்வளவு ஏறும் என்று குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டினார். மறுநாள் அதன் கீழே சிவப்பு மையில் ஒரு வரி இருந்தது: "அப்பாவுடைய லெவல் எங்கே?" டாக்டர் அதைப் படித்துவிட்டு, நல்ல கேள்வி என்று பாராட்டிவிட்டு, பதில் எழுதாமல் ஆபீசுக்குப் போனார்.

இங்கேதான் இந்த இனத்தின் தலையாய அடையாளம் இருக்கிறது. குறித்துக்கொள்ளுங்கள். ஹார்மோன் அண்ணாச்சிக்கு ஹார்மோன் கிடையாது. உங்களுக்கு உண்டு, எனக்கு உண்டு, கொடுவாவுக்கு உண்டு, நம்முடைய எதிர்க்கட்சிக்காரர்களுக்கு மிகவும் உண்டு. அவருக்கு மட்டும் கிடையாது. நமக்கு வருவது கோபம். அவருக்கு இருப்பது காரணம். ஒருமுறை தொட்டிக்குக் காற்று செலுத்துகிற மோட்டார் அரை மணி நேரம் நின்றுவிட்டது. யாரோ சுவிட்சை மாற்றி அணைத்துவிட்டார்கள். டாக்டர் போட்ட சத்தம் உப்பளம் வரைக்கும் கேட்டதாகச் சொல்லுகிறார்கள். முகம் சிவந்து, காலில் கிடந்த செருப்பு எங்கேயோ போய், முக்கால் மணி நேரம் கத்தியிருக்கிறார். தொட்டிகளைப் பார்த்துக்கொள்கிற மாடக்கண்ணு அண்ணாச்சி, ஓய்வு பெற இரண்டு வருடம் இருக்கிறவர், ஒரு சொம்புத் தண்ணீரை நீட்டி, "சார், கோவப்படாதிய" என்றாராம்.

"நான் கோவப்படல மாடக்கண்ணு! ஃபேக்ட் சொல்லுதேன்!"

"சரி சார். தண்ணியக் குடிச்சிட்டு ஃபேக்ட் சொல்லுங்க."

இன்னொரு நாள், மூன்று வருடமாக முட்டையிடாத ஒரு பெரிய தாய்மீன் சாயங்காலம் ஆறு மணிக்கு முட்டையிட்டது. ஜவ்வரிசியைக் கொட்டினாற்போலத் தொட்டி முழுக்க மிதந்ததாம். டாக்டர் விளிம்பைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தார். கண்ணில் தாரையாக வழிந்தது. மாடக்கண்ணு பார்த்துவிட்டார் என்று தெரிந்ததும் துண்டை எடுத்துத் துடைத்துக்கொண்டு, "மீன் வால அடிச்சிற்று. கண்ணுல உப்புத்தண்ணி தெறிச்சிற்று" என்றார். மாடக்கண்ணு இதை என்னிடம் டீக்கடையில் சொன்னபோது, "மீனு அந்தாக்குல நின்னுச்சு அண்ணாச்சி. வாலடிச்சா இந்தாக்குல எப்படித் தெறிக்கும்?" என்று கேட்டார். அன்றைக்கு டாக்டரை எனக்குப் பிடித்துவிட்டது என்பதை மட்டும் இங்கே ஒத்துக்கொள்கிறேன்.

இனி நடந்ததற்கு வருகிறேன்.

ஸ்டெபி எங்கள் கோயிலில், அதாவது சர்ச்சில், பாடகர் குழுவில் பாடுகிறவள். அங்கே பெவின் என்று ஒரு பையன் வந்து சேர்ந்தான். சாயர்புரத்துப் பையன், இங்கே ஒரு கப்பல் ஏஜென்சியில் வேலை. பதினான்கு மாதம் இரண்டு பேரும் ஒரே பாட்டுப் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பிறகு இரண்டு வீட்டிலும் சொன்னார்கள். குறை சொல்ல ஒன்றுமில்லை. நல்ல குடும்பம், நல்ல படிப்பு, சிகரெட் இல்லை. ஒரே ஒரு விஷயம், பையனைக் கம்பெனி குஜராத்தில் இருக்கிற காண்ட்லா துறைமுகத்துக்கு மாற்றியிருந்தது. கல்யாணமானதும் ஸ்டெபியும் அங்கே போகவேண்டும். டாக்டர் சரி என்றார். உடனே சரி என்றார். அப்படி உடனே சொன்னதில்தான் எப்சிபா டீச்சருக்குச் சந்தேகம் வந்ததாம்.

நிச்சயதார்த்தத்தன்று பெவினின் அப்பா அற்புதமணி, ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், மீன்குழம்பை ருசித்துவிட்டு, "இது என்ன மீன் சம்பந்தி?" என்று ஒரு வார்த்தை கேட்டார். கேட்டிருக்கக் கூடாது. டாக்டர் பேனாவை எடுத்துவிட்டார். கொடுவா ஆணாகத்தான் முதிர்ச்சி அடையும் என்றும், ஐந்தாறு வருடம் ஆணாகக் காலம் தள்ளிவிட்டுப் பிறகு பெண்ணாக மாறிவிடும் என்றும், எல்லாம் ஹார்மோன் செய்கிற வேலை என்றும், முந்திரிப்பருப்புக்குள் அம்புக்குறி போட்டு விளக்கினார். பந்தியில் எல்லோரும் கையை நிறுத்திக் கேட்டார்கள். அற்புதமணி தன் இலையில் இருந்த துண்டை ஒருமுறை பார்த்தார். தன் மகனை ஒருமுறை பார்த்தார்.

"இதுக்கும் இந்தச் சம்பந்தத்துக்கும் ஒண்ணும் இல்லியே சம்பந்தி?"

"ச்சே, ச்சே. மனுசனுக்கு அப்படிக் கிடையாது. ஆனா பாருங்க, மனுசன் மூளையிலயும்..."

"குழம்பு ஊத்துங்க!" என்றார் எப்சிபா டீச்சர், பந்திக்கே கேட்கும்படி.

அன்று முதல் டாக்டரின் போக்கு மாறியது. ஆளைப் பிடித்துக் காதல் மயக்கம் பற்றிப் பேச ஆரம்பித்தார். புதிதாக ஆசை வைத்தவர்களின் மூளை பதினெட்டு மாதத்துக்கு ஒரு மாதிரி சுரந்துகொண்டே இருக்குமாம். அந்தக் காலத்தில் அவர்கள் எடுக்கிற முடிவை முடிவு என்றே கொள்ளக் கூடாதாம். ஸ்டெபிக்கும் பெவினுக்கும் பதினான்கு மாதம்தானே ஆகிறது? இன்னும் நான்கு மாதம் பொறுத்தால் லெவல் இறங்கிவிடும், அப்புறம் தெளிவாகப் பார்க்கலாம். இதை எப்சிபா டீச்சரிடம் சொன்னார், மாடக்கண்ணுவிடம் சொன்னார், கேட்டுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்த என்னிடம் சொன்னார்.

"நீங்க எத்தன மாசம் பழகிட்டு டீச்சரக் கெட்டுனிய?" என்று கேட்டேன்.

"நாங்க பொண்ணு பாத்த அன்னைக்கே முடிவு பண்ணுனோம்."

"அப்பம் லெவலு?"

"அது வேற. அதுக்குக் காரணம் இருந்துச்சு."

நான் சொன்னேன் அல்லவா?

வெளியூர்க்காரர்களுக்காக எங்கள் கோயில் வழக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் சபையில் ஒரு கல்யாணம் நடக்க வேண்டுமென்றால், அதற்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் ஓலை வாசிப்பார்கள். ஓலை என்றால் இப்போது காகிதம்தான். இன்னாருடைய மகளுக்கும் இன்னாருடைய மகனுக்கும் விவாகம் நிச்சயித்திருக்கிறது, இதற்கு நியாயமான தடை ஏதாவது இருப்பதாக யாருக்காவது தெரிந்தால் எழுந்து சொல்லலாம் என்று குருவானவர் படிப்பார். அவரை எங்கள் பக்கத்தில் ஐயர் என்றுதான் சொல்லுவோம். படித்துவிட்டு ஒரு மூச்சு நேரம் சபையைப் பார்ப்பார். யாரும் எழும்பமாட்டார்கள். நான் ஞாயிறு பள்ளிக்குப் போன நாளிலிருந்து ஓர் ஆள் எழும்பி நான் பார்த்ததில்லை. ரயில் நிலையத்தில் அறிவிப்பைக் கேட்பது போலக் கேட்டுக்கொண்டிருப்போம். ஆனால் ஒருவேளை யாராவது எழும்பிவிட்டால் விளையாட்டில்லை. ஐயர் அதைப் பதிவேட்டில் எழுத வேண்டும், விசாரித்து முடிகிறவரைக்கும் கல்யாணத்தை நிறுத்த வேண்டும்.

முதல் ஓலை வாசித்தபோது டாக்டர் பெஞ்சில் நெளிந்தார். நான் பின்பெஞ்சு, எனக்குத் தெரியும். இரண்டாம் ஓலையில் தொண்டையைக் கனைத்தார். நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். மூன்றாம் ஞாயிறு, கல்யாணத்துக்குப் பதினோரு நாள் இருக்கிறது. மண்டபம் பேசியாயிற்று, சமையலுக்கு ஆள் சொல்லியாயிற்று, ஸ்டெபி தன் வேலைக்கு ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டாள். ஐயரை நேரில் அழைப்பதற்காக அற்புதமணியும் பெவினும் சாயர்புரத்திலிருந்து வந்து மூன்றாம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். ஐயர் படித்தார். நியாயமான தடை என்ற இடத்தில் மூச்சு விட்டார்.

டாக்டர் எழுந்தார்.

மணப்பெண்ணின் தகப்பனார், சொந்த மகளின் ஓலைக்கு! மேலே சுற்றின மின்விசிறிகளைத் தவிர எல்லாம் நின்றுபோனது. பெண்கள் பக்கத்தில் எப்சிபா டீச்சர் கண்ணை மூடிக்கொண்டார். ஜெபமா, வேறு எதுவுமா, தெரியவில்லை. பாடகர் குழுவில் ஸ்டெபி பாட்டுப் புத்தகத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

"டாக்டர், ஆட்சேபணையா?" ஐயர் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஆட்சேபணை இல்ல ஐயரே. ஒரு அப்சர்வேஷன்."

"பதிவேட்டுல அப்படி ஒரு கட்டம் இல்லியே."

டாக்டர் நிறுத்தவில்லை. மூளையின் அடிப்பகுதி, சுரப்பி, பதினெட்டு மாதம், லெவல் என்று அடுக்கினார். இவ்வளவு பேர் இருக்கிற ஆராதனையில் கே.பி. என்றுகூடச் சொல்லாமல் முழுப் பெயரையும் சொல்லிவிட்டார். சாத்தான்குளத்து அத்தைகள் அன்று வராதது தேவ கிருபை. அற்புதமணி எழுந்துவிட்டார்.

"சம்பந்தி, என்ன சொல்லுதிய? எம் பையன்ட்ட என்ன குறை கண்டிய?"

"குறை ஒண்ணும் இல்ல. கூடுதல்தான். லெவல் கூடுதல்."

"சபையில வச்சு லெவலா? ஏலே பெவின், எந்திலே, போவோம்!"

பெவின் எழவில்லை. அவன் ஸ்டெபியைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் தகப்பனாரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கிரேனில் பாரத்தைத் தூக்கி நிறுத்தியிருக்கும்போது காற்று திடீரென்று திசை மாறினால் கம்பியிலிருந்து கண்ணை எடுக்கமாட்டேன். அப்படி டாக்டரையே பார்த்தேன். பதினோரு நாளில் நடக்கவேண்டிய கல்யாணம், ஒரு மனுஷன் தன் காரணத்தை விடமாட்டேன் என்று நிற்பதால் எல்லோர் கண்முன்னாலும் கையைவிட்டுப் போய்க்கொண்டிருந்தது.

எங்கள் ஐயர் நிதானமான ஆள். பீடத்தின்மேல் பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டார். "உக்காருங்க வாத்தியாரே" என்று அற்புதமணியை அமர்த்தினார். பிறகு, "டாக்டர், இதுல ஒரு வரிக்குத்தான் இடம் இருக்கு. உங்க காரணத்த ஒரு வரியில சொல்லுங்க. எழுதிக்கிடுதேன்" என்றார்.

முப்பது பக்கத்துக்குக் குறைந்து எதையும் எழுதிப் பழகாதவர். டாக்டர் வாயைத் திறந்தார். மூடினார். கை தானாகச் சட்டைப் பைக்குப் போய்ப் பேனாவை எடுத்தது, திரும்ப வைத்தது. மறுபடியும் வாயைத் திறந்தபோது அதிலிருந்து வந்தது விஞ்ஞானம் இல்லை.

"காண்ட்லா ரொம்பத் தூரம், ஐயரே."

அவ்வளவுதான். அதைச் சொல்லிவிட்டு முன்பெஞ்சின் சாய்மானத்தைப் பிடித்துக்கொண்டார், அன்றைக்குத் தொட்டி விளிம்பைப் பிடித்திருந்தாரே, அதே மாதிரி. கண்ணில் தாரையாக வழிந்தது. பழக்கதோஷம் விடுமா? கைக்குட்டையைத் தேடிக்கொண்டே, "ஒண்ணுமில்ல, கண்ணுல உப்புத்தண்ணி..." என்று ஆரம்பித்தார்.

ஸ்டெபி பாடகர் குழுவிலிருந்து இறங்கி, பெண்கள் பக்கத்தைத் தாண்டி, ஆண்கள் பக்கத்துக்கே வந்துவிட்டாள். எங்கள் கோயிலில் அதுவும் வழக்கமில்லை.

"அப்பா, இங்க தொட்டி இல்லப்பா."

"ஆமாம்மா."

"இதுக்கு என்ன ஹார்மோன்பா?"

டாக்டர் பேனாவை எடுத்தார். ஆராதனை முறை அச்சடித்த தாளைத் திருப்பி முந்திரிப்பருப்பை வரைந்தார். புள்ளி வைக்க வேண்டிய இடத்துக்குப் பேனாவைக் கொண்டுபோனார். பேனா அங்கேயே கொஞ்ச நேரம் நின்றது. புள்ளி விழவில்லை.

"டேட்டா பத்தாதுமா" என்றார்.

ஐயர் பதிவேட்டில் குனிந்து எழுதியபடியே, சபைக்குக் கேட்கும்படி சொன்னார்: "தூரம் நியாயமான தடை ஆகாது. அப்படிப் பாத்தா நம்ம பக்கத்துல ஒரு கல்யாணமும் நடந்திருக்காது." முதலில் சிரித்தது அற்புதமணி. இரண்டு பெண்களைப் பெங்களூருக்கும் மஸ்கட்டுக்கும் கட்டிக் கொடுத்தவர் அவர். எழுந்து வந்து டாக்டரின் தோளில் கையைப் போட்டு, "சம்பந்தி, பொண்ணக் கெட்டிக் குடுத்தா அப்படித்தான் இருக்கும். லெவல் இறங்கவே இறங்காது. நீங்க பாட்டுக்கு அழுங்க" என்றார். எப்சிபா டீச்சர் கண்ணைத் திறந்தார்.

கல்யாணம் சொன்ன தேதியில் நடந்தது. டாக்டர் திருந்தினாரா என்று கேட்கிறீர்களா? வரவேற்பில் பெவினின் அம்மா அழுதபோது அவர் பத்திரிகையைத் திருப்பிப் பேனாவை எடுத்ததை நான் பார்த்தேன். இந்த இனம் திருந்தாது. ஆனால் ஒன்று. இப்போது தினமும் சாயங்காலம் ஐந்தே முக்காலுக்கு மாடியில் நின்று காண்ட்லாவுக்குப் போன் போடுகிறார். சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று கேட்கத் தெரியாது. "தண்ணி எப்படி இருக்கு அங்கன? உப்பா? டெம்பரேச்சர் என்ன?" என்று கேட்கிறார். கேட்டுவிட்டுப் பதிலை முழுக்கக் கேட்கிறார். சில நாள் அரை மணி நேரம்கூட.

சரி, உங்களிடம் வருகிறேன். இதைப் படிக்க ஆரம்பித்ததிலிருந்து உங்களுக்கு ஒருவருடைய முகம் ஞாபகம் வந்துகொண்டே இருந்திருக்கும். மைத்துனராக இருக்கலாம், ஆபீசில் பக்கத்து மேஜைக்காரராக இருக்கலாம். அவருக்கு இதை அனுப்பிவைக்க வேண்டும் என்றுகூட நினைத்திருப்பீர்கள். நல்லது. ஆனால் கோயிலில் டாக்டர் அழுதாரே, அந்த இடத்தில் நீங்கள் என்ன செய்தீர்கள்? ஒரே பிள்ளை, பிரிவு பயம், அதைத்தான் மனுஷர் இவ்வளவு நாளும் விஞ்ஞானத்தால் மூடி வைத்திருந்தார் என்று மனதுக்குள் விளக்கம் சொல்லி முடித்துவிட்டுத் தலையை ஆட்டினீர்கள், இல்லையா? நானும் அன்றைக்கு அப்படித்தான் விளக்கம் சொன்னேன், வீட்டுக்கு வருகிற வழியில், என் மனைவியிடம். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நீங்க எதுக்கு அழுதிய?" என்று கேட்டாள். ஃபேன் காற்றில் தூசி விழுந்தது என்றேன்.

எதற்கும் உங்கள் சட்டைப் பையை ஒருதரம் தொட்டுப் பாருங்கள். பேனா இருக்கிறதா?